கசத்தங்கரையில் ஒரு சகன்

வனத்துறைச் சோதனைச்சாவடியில் நின்ற ஜீப்பில் ஒரு காலைத் தூக்கி வைத்த அம்மார், உள்ளே இருந்த ஆளைப் பார்த்ததும் காலைக் கீழே இறக்கிவிட்டான். உள்ளே இருந்தது அவன் மனைவி ஷம்ஸியாவின் அண்ணன் ஹபீப் முகம்மது. பக்கத்தில் ஹபீபின் மனைவி மும்தாஜ் பேகம், எதுவுமே தெரியாதவள் போல வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்பு அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. இந்த ஏற்பாட்டில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு.

"இவரு வாராருன்னு நீ சொல்லலியே" என்றான் அம்மார்.

"சொன்னா நீங்க வருவியளா?" என்றாள் ஷம்ஸியா.

மலைக்கு மேலே, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு இறங்கும் பள்ளத்தில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்று அவள்தான் ஆசை காட்டியிருந்தாள். ஓமானில் வெள்ளிக்கிழமைதோறும் மலைப்பள்ளங்களில் நடந்த கதையைச் சொல்லியே லீவைக் கழிப்பவன் அம்மார்; உடனே தலையாட்டிவிட்டான். ஏரலில் ஹபீபை மும்தாஜ் எப்படியோ கிளப்பியிருந்தாள். மலைமேல் போன் எடுக்காது, மறுநாள் காலையில் ஜீப் வரும்வரை கீழே இறங்கவும் முடியாது. இரண்டு பெண்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆண்கள் அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் முதலில் போகிறவன் தோற்றவனாகிவிடுவானே! அம்மார் விறைப்பாக டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

சண்டை சொத்துக்காக அல்ல, பந்திக்காக. ஹபீபின் மகள் அர்ஷியாவின் நிக்காஹ் அன்று களறி என்கிற கறிவிருந்து. சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிடும் பந்தி. வீட்டு மருமகனைப் புது மாப்பிள்ளையின் சகனில் உட்காரவைப்பது அவர்கள் வழக்கம். கூட்ட நெரிசலில் மறந்துவிட்டேன் என்கிறான் ஹபீப். வேண்டுமென்றே செய்தது என்கிறான் அம்மார். எப்படியோ, கடைசிப் பந்தியில் பந்தல் போட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன், மேலப்பாளையம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஷம்ஸியாவிடம் சொன்னான்: "இனிமே அந்த வீட்டு வாசல மிதிச்சியன்னா இங்கன திரும்பி வராத."

அதன் பிறகுதான் ஏரலில் அவள் உம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோனது. ஷம்ஸியா போனில் மட்டும் பார்த்தாள். உம்மாவுக்குப் பேச்சு குழறியது. மகள் பெயர் மட்டும் தெளிவாக வந்தது. போகாமல் இருந்ததற்கு வேறு பெயர் கிடையாது, பயம்தான். அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

ஜீப் விட்ட இடத்திலிருந்து பாறைகளுக்கு நடுவே நடை. வனத்துறை வாட்சர் கொம்பையா வழிகாட்டி முன்னால் போனார். "ஓமான்ல இதவிடப் பெரிய மலயெல்லாம் ஏறியாச்சு" என்று அம்மார் காற்றிடம் சொன்னான். "அங்கன ஒட்டகமே ஏறுதாம்லா" என்று ஹபீப் தன் மனைவியிடம் சொன்னான். ஓடையைத் தாண்டும்போது ஹபீபின் கனத்த உடம்பு வழுக்கி முழங்கால் பாறையில் மோதியது. முன்னால் நின்ற அம்மார் கை கொடுக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அம்மாரின் பிடரியில் ஒரு அட்டை ஊர்ந்து ஏறியது. ஹபீப் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நடந்தான். ஷம்ஸியாதான் ஓடிப்போய் எடுத்தாள்.

ஆறு ஆழமாகத் தேங்கிய கசத்தின் கரையில் கூடாரங்கள் இருந்தன. இரு பக்கமும் ஆகாயத்தை மறித்து நின்ற பாறை. ஒருவன் முன்னின்று தொழவைக்க மற்றவன் பின்னால் நிற்க மனமில்லாமல் ஆளுக்கொரு கல்லில் தனித்தனியாகச் சாயங்கால அசர் தொழுதார்கள். அதை ஷம்ஸியாவும் பார்த்தாள். இருந்தாலும் மும்தாஜோடு சேர்ந்து மூட்டையை அவிழ்த்தாள். கொம்பையா மூட்டிக் கொடுத்த அடுப்பில் களறிக்கறியைச் சுடவைத்து, கொண்டுவந்திருந்த சகனில் நெய்ச்சோற்றைக் கொட்டிப் பாயில் வைத்தாள். ஒரே சோற்றில் இருவரும் கை வைத்துவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நம்பியிருந்தாள்.

அம்மார் சகனைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னைக்குத்தான் எனக்கு எடம் கெடச்சிதாக்கும்? ஊரு பாக்க அவமானத்த வச்சவன் ஊரு பாக்க அத எடுக்கணும்வே. காட்டுக்குள்ள ஒளிச்சி வச்சா சோறு போடுதியோ?" என்றவன் வாட்சர் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, நான் உம்மகூட உக்காந்துக்கிடுதேன். எனக்குப் பழக்கந்தான்."

கொம்பையா விறகு பொறுக்கப் போவதுபோல நகர்ந்துவிட்டார்.

"உம்மா கெடக்குத கெடையில பிள்ளய அனுப்பாதவனுக்கு ரோசத்தப் பாரு" என்றான் ஹபீப். "மவுத்துச் செய்தி சொல்லி ஆளு அனுப்புதேன். அப்பவாது அனுப்புவேராவே?"

"அப்ப அனுப்புதேன்" என்றான் அம்மார்.

அவ்வளவுதான். அன்று முழுக்க அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். உயிரோடு இருக்கும் உம்மாவை நடுவில் போட்டு, அவள் சாகும் நாளை மகள் போகும் நாளாகக் குறித்துவிட்டார்கள். சகன் தாங்களாகவே தூக்கி வந்து வைத்த தப்பு என்பது ஷம்ஸியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காயம் பட்ட இடத்திலேயே கையை வைத்து அமுக்கியிருக்கிறாள்.

அவள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். ஆண்களுக்கு வைத்த சகனில் பெண்கள் உட்காருவதில்லை. அவள் கையைக் கழுவி, பிஸ்மி சொல்லி, சோற்றைப் பிசைந்தாள்.

"நாளைக்கு ஜீப்பு கீழ போனதும் நான் ஏரல் பஸ் ஏறுதேன்."

"போனா அங்கனயே இருந்துக்க" என்றான் அம்மார்.

"சரி."

ஹபீபின் முகம் மலர்ந்தது. "பாத்தியாவே, எந்தங்கச்சிய! நீ எதுக்கும்மா பஸ்ல போற? எங்ககூட கார்ல வா."

"உங்ககூட வரல, காக்கா" என்றாள் அண்ணனிடம். "உம்மாவப் பாக்க வாரேன்."

அம்மார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிமிரவில்லை. எதிர்ப் பக்கத்தில் பாய் சரசரத்தது. மும்தாஜ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தாள். கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து ஷம்ஸியாவின் பக்கம் தள்ளினாள். ஆண்கள் இருவரும் பாயின் இரண்டு ஓரத்திலும் நின்றுகொண்டிருந்தார்கள். பாறையின் நிழல் கசத்தைக் கடந்து அவர்கள் கால்வரை வந்துவிட்டது. சகனில் சோறு நடுவே குழிந்துகொண்டே போனது.