பஞ்சர் ஆகாத டயர்

என் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடிந்து நான் வெளியே வரும்போது வாசலில் காலி வண்டியோடு நிற்பாள். உதவியாளர் வேலைக்கு நிர்வாகம் இன்னும் ஆள் போடவில்லை. அதனால் கதவைத் திறந்து மூடும் உத்தியோகம் எனக்கு. சம்பளம் கிடையாது, வீடு வரை ஓசிப் பயணம்.

அன்று ஏறியதுமே சொன்னாள்.

"வீல் ஸ்பேனரக் காணோம்டா."

வண்டியைக் கிளப்பும் முன் ஜாக்கி, ஸ்பேனர், தீயணைப்பான் எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது அவள் பழக்கம்.

"மெக்கானிக் எவனாவது சுட்டிருப்பான்."

"நேத்து சாயங்காலம் இருந்துச்சு."

வழியில் ஏறும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி உண்டு. வீட்டில் கைக்குழந்தைத் தம்பி. இரவில் அவன் அழுதால் தூக்கிக்கொண்டு நடப்பது இவள் வேலை. அதனால் வண்டியில் கொட்டாவி விடுவாள். அதுவே பட்டப்பெயராகிவிட்டது. அவள் ஏறினால் பின்வரிசை மொத்தமும் வாயைப் பிளந்து ஒரே குரலில் கொட்டாவி விடும். தொடங்கி வைப்பவன் பத்தாம் வகுப்பு, எல்லோருக்கும் "தல". அவளுக்கு உண்மையிலேயே கொட்டாவி வந்தால் வாய்க்குள் காகித உருண்டை விழும். போன வாரம் விழுந்தது மென்று துப்பிய சூயிங்கம். நானும்தான் கதவோரம் நின்று கொட்டாவி விடுகிறேன். எனக்கு ஒருவனும் பெயர் வைக்கவில்லை. மீசை இருக்கிறதல்லவா.

சூயிங்கத்துக்குப் பிறகு அக்கா அவளைத் தனக்குப் பின் இருக்கையில் உட்கார வைத்தாள். "டிரைவர் செல்லம்" என்று இன்னொரு பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

அன்று அவள் ஏறும்போது பை படியில் இடித்து டங் என்றது. புத்தகம் அப்படிச் சத்தம் போடாது. பின்னாலிருந்து கொட்டாவி கிளம்பியது. வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்பவள், திரும்பித் தலயை நேராகப் பார்த்தாள். பையை மடியில் வைத்து ஜிப்புக்குள் கையை விட்டுக்கொண்டாள்.

அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அந்த இருக்கைக்கு அடியில்தான் கருவிப்பெட்டி.

"நான்தான்டா பெட்டி மேலயே உக்கார வச்சிருக்கேன்," என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

எனக்குத் தெரிந்த ஒரே வழி பையைப் பிடுங்குவது. பிடுங்கினால் இரும்போடு வந்த பிள்ளையை அன்றைக்கே பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். என்னை அப்படித்தான் அனுப்பினார்கள், ஒரு நாற்காலிக்காக. நாற்காலியைத் தூக்கும்வரை என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. இவளை விட்டாலோ, ஒருத்தன் மண்டை உடையும்.

அக்கா வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள். முன்சக்கரத்தருகே குந்தினாள். உஸ்ஸென்று காற்று போனது. வால்வை அழுத்திக்கொண்டிருந்தது அவள் சாவி. பார்த்தது நான் மட்டும்.

"பஞ்சர்! எல்லாரும் இறங்கி சுவரோரம் நில்லுங்க."

நான் ஸ்டெப்னியை உருட்டி வந்தேன்.

"ஸ்பேனர் பெட்டியில இல்ல," என்றாள் பொதுவாக. "யார்கிட்டயாவது இருந்தா குடுங்க. எதுக்கு எடுத்தீங்கன்னு கேக்க மாட்டேன். இப்ப வண்டிக்கு வேணும்."

"கொட்டாவிகிட்ட சொல்லுங்க ஆன்ட்டி, பல்லாலயே கழட்டுவா," என்றான் தல. ஒரே சிரிப்பு.

அவள் ஜிப்பைத் திறந்து எடுத்தாள். முழங்கை நீளம். சிரிப்பு அறுந்தது. தல ஸ்பேனரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தன் ஷூவைப் பார்த்தான். அது யாருக்காக வந்தது என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. நட்டைக் காட்டினாள்.

"மாட்டு பாப்பா. கையால வராது, மேல ஏறி மிதி."

மிதித்தாள். அசையவில்லை. குதித்தாள். மறுபடி குதித்தாள். கிறீச்சென்று நட்டு விட்டுக்கொடுத்தது. கண்ணும் மூக்கும் ஒழுக இறங்கி நின்றாள்.

"அடுத்தது?" என்றாள்.

"எல்லாமே உனக்குத்தான்."

எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வேகமாக யாரும் சக்கரம் கழற்றியதில்லை.

பள்ளியை அடைந்த சற்று நேரத்தில் விஷயம் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டது. அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றேன்.

"அந்தப் பொண்ணு இனிமே இங்க வேண்டாம்."

"அப்ப என்னையும் சேத்து அனுப்புங்க மேடம். பெட்டிய பூட்டாம விட்டது நான், அது மேல உக்கார வச்சது நான். ஆனா என் வண்டியில இத்தன நாளா என்ன நடந்துச்சுன்னு மொதல்ல கேளுங்க. கேட்டுட்டு அனுப்புங்க."

சூயிங்கம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். தலயின் அப்பாவை வரவழைத்தார். அவர் வந்தார், ஒரு வார்த்தை கேட்காமல் மகனைப் பளாரென்று அறைந்தார். பையன் கையைக்கூடத் தூக்கவில்லை. பழகிய கன்னம். இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இங்க வேணாம் சார். வீட்லயும் வேணாம்."

அதற்காக அவனை நான் மன்னித்துவிடவில்லை. அக்காவைப் பற்றித் தெரியாது.

அக்காவுக்கு மெமோ கிடைத்தது. தலயை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்ணை அனுப்பவில்லை.

மறுநாள் அவள் ஏறியபோது பின்வரிசை வாயைத் திறக்கவில்லை.

"எங்க உக்காரட்டும் ஆன்ட்டி?"

"உனக்கு எங்க புடிக்குதோ அங்க."

கடைசி வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கருவிப்பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. அக்கா நல்லவள்தான், முட்டாள் இல்லை.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்தப் பெண் வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள். உள்ளே எதுவும் விழவில்லை. வேகத்தடை வந்தபோது அக்கா வண்டியை ஊர விட்டாள்.