நோயில்லாத பறவையின் இறகு

பட்ஜி என்கிற குட்டிக் கிளியை லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. லவ் பேர்ட்ஸ் வேறு, இது வேறு. தைக்கக் கொடுத்த துணியை வாங்க வருகிறவர்கள் மாடியில் கேட்கும் கீச்சுச் சத்தத்தை வைத்து, "லவ் பேர்ட்ஸ் வளர்க்கறீங்களா?" என்பார்கள். நான் துணியைக் கையில் திணித்து அனுப்பிவிடுவேன். என் தங்கச்சி இருந்தால் உட்கார வைத்து விளக்குவாள். பொறுமை முழுவதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு வாயை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள் எங்கள் வீட்டில்.

அவள் புருஷன் வீட்டை விட்டு வந்த புதிதில் மூன்று மாதம் என் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள், யாரோடும் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். மருந்துக்கடையில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். அங்கேயும் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து வைப்பதோடு சரி. நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு தனி அறைக்கு அவள் குடிபோனதும், அங்கே இரண்டு ஜோடி பட்ஜியைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு மூன்று மாதம் கழித்து அவளே என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அம்மாவும் பச்சை, அப்பாவும் பச்சை. குஞ்சு எப்படிக்கா நீலமா வந்துச்சு?"

அதுதான் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பதினைந்து வருஷமாகப் பறவை வளர்க்கிறவள். பச்சையில் நீலம் வந்தால் வந்தது என்று விட்டிருந்தவள். அவள் விடவில்லை. எங்கெங்கோ படித்து, கட்டம் போட்ட நோட்டில் எழுதி எழுதி, ஆறே மாதத்தில் எனக்கே பாடம் எடுத்தாள். "பச்சைக்குள்ள நீலம் ஒளிஞ்சிருக்கும்க்கா. வெளிய தெரியாது. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தா நாலு குஞ்சுல ஒண்ணு நீலமா வந்து நிக்கும். ஆனா நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தா எந்த ஜென்மத்துலயும் பச்சை வராது." பேசும்போது கை இரண்டும் ஆடும். அந்தக் கை ஆடுவதைப் பார்ப்பதற்காகவே நான் தெரிந்ததையும் திரும்பக் கேட்பேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் வேலை பிரிந்துவிட்டது. நிறம் அவளுக்கு, குஞ்சு எனக்கு. கால் அகன்று போன குஞ்சுக்குப் பஞ்சு நாடாவால் கட்டுப் போடுவது, கழுத்துப்பை காலியாக இருக்கும் குஞ்சுக்குச் சொட்டுச் சொட்டாகக் கூழ் ஊட்டுவது, எந்த முட்டையில் கரு ஓடுகிறது என்று விளக்கொளியில் பார்ப்பது எல்லாம் நான். அவளிடம் பதினான்கு ஜோடி ஆனது. மூன்று வருஷமாக ஒரே ஒரு பறவையைத் தேடி ஜோடி மாற்றிக்கொண்டிருந்தாள்: மஞ்சள் முகம், கீழே வர வர நீலமாகிற உடம்பு, வெளிறிய சிறகு. வளர்ப்பவர்கள் ரெயின்போ என்பார்கள். ஒரு பறவையில் மூன்று நான்கு ஒளிந்த நிறங்கள் ஒன்றாக வெளியே வரவேண்டும். இந்த வருஷம் அது வந்தது. ஒரே ஒரு குஞ்சு. தகவல் சொல்ல ஓடி வந்தவள் செருப்புப் போட மறந்திருந்தாள்.

என்னிடம் இருந்ததில் பெரியவள் ஒரு மஞ்சள் பெட்டை. சிவந்த கண், தடித்த உடம்பு, கையை நீட்டினால் கடி. தன் குஞ்சு, அடுத்தவள் குஞ்சு என்று பார்க்காமல் எதை வைத்தாலும் ஊட்டுவாள். தங்கச்சி அவளுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தாள். "உன்னை மாதிரியே. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சோறு போடும், கிட்டப் போனா கடிக்கும்." எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் முறை ஒன்று உண்டு. எந்தப் பெட்டியில் குஞ்சு பொரித்தாலும், மெலிந்ததை எடுத்துப் பெரியம்மாவிடம் இரண்டு நாள் விடுவேன். அவள் கழுத்துப்பையில் ஊறும் பால் போன்ற கூழ் கெட்டியாக இருக்கும். தேறியதும் பெற்றவளிடம் திருப்பி வைப்பேன். இந்த முறை பெரியம்மாவின் முட்டைகள் எல்லாம் கருவில்லாத வெற்று முட்டைகள். அதனால் அவள் பெட்டி முழுக்க மற்றவர்களின் குஞ்சுகள்தான் வந்து போய்க்கொண்டிருந்தன.

குஞ்சுகள் பொரித்த பன்னிரண்டாம் நாள் சாவு தொடங்கியது. முதல் நாள் நன்றாக வாய் திறந்த குஞ்சு, மறுநாள் காலை கழுத்துப்பை நிறைய இரையோடு கிடந்தது. வயிறு உப்பி, தோலுக்குக் கீழே கருஞ்சிவப்பாக இருந்தது. பட்டினியில் செத்தால் எனக்குப் புரியும். வயிறு நிறைந்து சாகிறது என்றால் என்ன செய்வது? தினையை மாற்றினேன். பெட்டிகளைத் துடைத்தேன், மரத்தூளை மாற்றினேன். ஒரே வாரத்தில் பதினொன்று. தப்பிப் பிழைத்த நாலைந்துக்கு இறக்கை இறகும் வால் இறகும் கொட்டிவிட்டன. பறக்க முடியாமல் தரையில் எலி மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை.

பெரியம்மாவின் பெட்டியில் மட்டும் ஒரு சாவுகூட இல்லை.

செத்த குஞ்சு ஒன்றைத் தாளில் சுற்றி டாக்டரிடம் எடுத்துப் போனேன். பறவை பார்க்கும் டாக்டரம்மா, அதிகம் பேசாதவர். குஞ்சின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வைரஸ் மாதிரி இருக்கு. குஞ்சுகளத்தான் கொல்லும். பெரிய பறவை சுமந்துக்கிட்டே திரியும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. வெளியில இருந்து ஏதாவது பறவை வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு," என்றேன். "என் தங்கச்சியோட ஆண் பட்ஜி, சேவல் ஒண்ணு. ஜோடிக்காக வாங்கினேன்."

"தனியா வச்சிருந்தீங்களா?"

"முப்பது நாள் குளியலறையில தனியா வச்சுத்தான் உள்ள விட்டேன்."

"அதோட இறகு கொண்டு வாங்க. சாவு வந்த பெட்டில இருந்து ரெண்டு. ஒப்பிட்டுப் பாக்க, உங்களுக்குச் சந்தேகமே இல்லாத நோயில்லாத பறவை ஒண்ணு. நெஞ்சு இறகு, வேரோட. முடிவு வர ரெண்டு வாரம் ஆகும்."

வீட்டுக்கு வந்து நாலு உறையில் இறகு போட்டு, கால் வளையத்து எண்ணை எழுதினேன். நோயில்லாத ஒன்று என்று அவர் சொன்னதும் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. பெரியம்மாவைப் பிடித்தேன். வழக்கம்போல் கடித்து ரத்தம் வர வைத்தாள்.

ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாம். எனக்கு எப்போது பொறுமை இருந்தது? மறுநாள் காலை மேலும் மூன்று குஞ்சு செத்துக் கிடந்தன. அதில் ஒன்றை நான் ஆறு நாள் கையால் ஊட்டி வளர்த்திருந்தேன். அப்படியே எழுந்து தங்கச்சி அறைக்குப் போனேன். அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"உன் சேவல் என் வீட்ட மயானமாக்கிடுச்சு," என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஒரு குஞ்சும் சாகலியேக்கா."

"அதான் இந்த நோயோட குணம். சுமக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்துல இருக்கறவங்கதான் சாவாங்க." இதைச் சொல்லும்போது நான் பறவையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. மூன்று மாதம் அவள் மூலையில் உட்கார்ந்திருந்ததை, என் வீடு அப்போது எப்படி இருந்தது என்பதை, எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் ஏற்றிவிட்டேன்.

"இப்ப என்ன செய்யணும்கற?"

"ரெண்டு வீட்லயும் ஒழிச்சாத்தான் ஒழியும். ஒண்ணுகூட மிச்சம் வைக்கக் கூடாது. அந்தக் காலத்துல வளர்த்தவங்க அப்படித்தான் செஞ்சாங்க. உன்னால முடியாதுன்னா சொல்லு, இனிமே என் படிய மிதிக்காத."

அவள் ரெயின்போ குஞ்சு இருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் தலையாட்டுவாள். அந்தப் புருஷனைக் கட்டிக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.

வீட்டுக்கு வந்தேன். கோபம் இறங்கிவிட்டது. என் கூண்டுகளைத் திறந்து முதல் பறவையைப் பிடித்தேன். விட்டுவிட்டேன். முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவளுக்கும் ஒரு போன் போட்டு, நீயும் பொறு என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அவள் எதையும் செய்ய நாலு நாள் எடுப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் நான் இறங்கிப் போனதாகிவிடும், அதுதான் உண்மைக் காரணம். நாளை, நாளை என்று இரண்டு வாரம் போனது. அவளும் வரவில்லை.

டாக்டர் போன் செய்தபோது நான் ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க தங்கச்சி சேவலுக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. குஞ்சு செத்த பெட்டி ரெண்டுலயும் வைரஸ் இருக்கு. ஆனா நோயில்லாததுன்னு ஒண்ணு குடுத்தீங்களே, அந்த மஞ்சள் பெட்டை, அதுலதான் ரொம்ப அதிகமா இருக்கு. அது எங்கயாவது போய் வந்துச்சா?"

தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தேன். போய் வந்தது. பறவைக் கண்காட்சிக்கு மூன்று நாள் போய், நூற்றுக்கணக்கான கூண்டுகளுக்கு நடுவில் இருந்து, கூண்டில் கட்டிய பரிசு நாடாவோடு வந்தது. தங்கச்சியின் சேவல் குளியலறையில் தனியாக முப்பது நாளை எண்ணிக்கொண்டிருந்த அதே நேரத்தில், நான் பெரியம்மாவை நேராக மாடிக்குக் கொண்டுபோய் அவள் பெட்டியில் விட்டேன். டாக்டர் கேட்டது, வெளியில் இருந்து ஏதாவது வந்ததா என்று. பெரியம்மா வரவில்லையே, திரும்பித்தானே வந்தாள். தன் வீட்டுக்குத் திரும்புகிறவளை யார் குளியலறையில் பூட்டுவார்கள்? மெலிந்த குஞ்சையெல்லாம் பார்த்துப் பார்த்து அவள் வாயில் வைத்து, நோயை வாங்கிக்கொடுத்து, பெட்டி பெட்டியாக விநியோகம் செய்தது என் கை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"எல்லாத்தையும் கொன்னுடணுமா?" என்று கேட்டேன்.

"கொல்லவா? எதுக்கு? ஆறு மாசம் முட்டை வைக்க விடாதீங்க. பெட்டியையெல்லாம் எரிச்சிடுங்க. கூண்டையெல்லாம் மருந்து போட்டுக் கழுவுங்க. அப்பறம் திரும்ப டெஸ்ட் எடுப்போம். யாரு கொல்லச் சொன்னா?"

சட்டையை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு இரண்டு தெருவும் நடந்தேன். வழியில் ஓடவும் நினைத்தேன், நிற்கவும் நினைத்தேன். அவள் இன்னும் செய்திருக்க மாட்டாள், மெதுவானவள், எதையும் ஒத்திப் போடுகிறவள் என்று சொல்லிக்கொண்டே போனேன். மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. அந்தப் படியில் எப்போதும் கீச்சுச் சத்தம் காதை அடைக்கும்.

கதவு திறந்திருந்தது. அறையெல்லாம் பினாயில் வாசம். பதினான்கு மரப் பெட்டிகளும் கழுவப்பட்டு, மூடி திறந்து, ஜன்னலோரம் வெயிலில் வரிசையாக இருந்தன. அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுகள், பழையவை, காய்ந்தவை.

"எப்ப செஞ்ச?"

"நீ வந்துட்டுப் போன அன்னைக்கே."

"எப்படி?"

"கையாலதான்." துணியைப் பிழிந்தாள். "முப்பத்தொன்பது."

"அந்தக் குஞ்சும்?"

"அதத்தான் முதல்ல. கடைசின்னு வச்சா செய்ய மாட்டேன்னு தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்து, "உன்னோடத முடிச்சிட்டியாக்கா? நீ ஒருத்தியா எப்படிச் செஞ்சியோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். வந்து கூட நின்னிருக்கணும். வர பலம் இல்ல," என்றாள்.

பொய் சொல்ல நாக்கு எழுந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனதும் என் பறவைகளைத் திறந்து விட்டுவிடலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் கண் முன்னால் நின்று அது வரவில்லை.

"இல்ல," என்றேன். "நான் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன்."

அவள் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னை ஏன் காத்திருக்கச் சொல்லல?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னேன். அவள் சேவல் சுத்தம் என்றேன், பெரியம்மா என்றேன், கண்காட்சி என்றேன், கொல்லவே தேவையில்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அவள் திட்டுவாள், துணியை என் முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கை இரண்டும் அசையாமல் மடியில் கிடந்தன.

"உன் பெட்டியெல்லாம் எரிக்கணும்ல?" என்றாள்.

"ஆமா."

எழுந்து ஜன்னலோரம் போனாள். பெட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாக மூடி, இரண்டிரண்டாக அடுக்கிக் கயிறு போட்டாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இத எடுத்துட்டுப் போ. கழுவினதுதான். கழுவலேன்னாலும் ஒண்ணுமில்ல, இங்க நோய் இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஒரே நடையில் கொண்டுபோக முடியாமல், நான் மூன்று நடை ஏறி இறங்கி எடுத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.