இரண்டாவது கியரில்

கிளட்சைப் பிடித்தபடி முதல் கியரைப் போட்டதும் வண்டி ஒருமுறை குதித்து அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி குதித்தது. கிளட்சின் பிடி கைக்குள் இலகுவாகத்தான் வந்தது. கேபிளும் அறுந்திருக்கவில்லை. புத்தம்புது வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட என் மனைவி கிழிக்க விட்டதில்லை. அவள் ஓட்டியது கொஞ்ச நாள்தான். பிறகு காய்ச்சல், பிறகு மருத்துவமனை. அவள் போனபின் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது.

அதைக் கொண்டுபோகத்தான் அவளுடைய தம்பி வந்திருந்தான். எடுத்துக்கொள்ளச் சொன்னது நானே. போனில் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காலையில் அவன் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றபோது, எதற்கு வந்திருக்கிறான் என்றே ஒரு நொடி விளங்கவில்லை.

"வாராவாரம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேனே மாமா?"

"பண்ணேன்."

"கிளட்சைப் புடிச்சுப் புடிச்சு விட்டீங்களா?"

"நிக்கிற வண்டிக்கு எதுக்குக் கிளட்ச்?"

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சரியாப் போச்சு. உள்ள கிளட்ச் ப்ளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. எங்க மேனேஜரும் அவர் நாற்காலியும் மாதிரி."

ஒவ்வொரு ஞாயிறும் நியூட்ரலில் இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருப்பேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நினைப்பு. ஓடாத வண்டியில் எதுவும் கெடாது என்றுதான் எண்ணியிருந்தேன்.

"இஞ்சின் நல்லா சூடாகட்டும். அப்புறம் ஆஃப் பண்ணி ரெண்டாவது கியர்ல போட்டு, கிளட்சைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. நான் முன்னயும் பின்னயும் ஆட்டறேன். ஒட்டுனது விட்டுடும். விட்டுட்டா மத்தியானத்துக்குள்ள ஊர் போய்ச் சேந்துடுவேன்."

"விடலேன்னா?"

"இஞ்சினைப் பிரிக்கணும். அதுவரைக்கும் இங்கதான் நிக்கும்."

தெருவுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் வீட்டிலிருந்து தெரு சரிவாக இறங்கும். சூடான இஞ்சினை அணைத்து, இரண்டாவது கியரில் போட்டு, நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் பின்னாலிருந்து தள்ளினான், இழுத்தான். பின்சக்கரம் உருளாமல் தரையைத் தேய்த்தது. பல முறை ஆட்டியும் பலனில்லை. அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"முழுசாப் புடிச்சிருக்கீங்களா மாமா?"

"புடிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். பிடி பாதியில்தான் இருந்தது. எப்போது தளர்த்தினேன்? கை வலித்ததா? வலித்ததாக நினைவில்லை. தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் பிடித்திருந்தேனா?

அவன் பக்கவாட்டில் வந்து நின்றான். அவனும் என் கையைத்தான் பார்த்தான்.

"நீங்க எறங்குங்களேன். நான் உக்காந்துக்கறேன்."

"வேணாம். நானே புடிக்கறேன்."

"அக்கா இருந்தா இந்நேரம் ரெண்டு பேருக்கும் செம டோஸ் கெடச்சிருக்கும்."

"உனக்குத்தான் முதல்ல."

"எனக்கு எப்பவும் முதல்லதான்."

சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனான். நான்கு விரல்களாலும் பிடியைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கினேன். விட வேண்டும் என்று நினைத்தேனா, விடக்கூடாது என்று நினைத்தேனா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"தள்றேன்."

எனக்குக் கீழே எங்கோ 'டக்' என்றது. சக்கரம் உருண்டது. அவன் கை என் முதுகை உரசி விலகியது.

"விட்டுடுச்சு மாமா. போதும், நிறுத்துங்க."

கியரில் இருக்கும் வண்டி, கிளட்சை விட்டாலே நின்றுவிடும். விரல்கள் பிரியவில்லை. வண்டி சரிவில் வேகம் பிடித்தது. பின்னால் அவன் ஓடிவரும் காலடி கேட்டது, பிறகு கேட்கவில்லை. தெருவின் நடுவே வாளியோடு நின்ற ஒருவர், சத்தமே இல்லாமல் வரும் வண்டியை வெறித்தபடி, தண்ணீர் சிந்தாமல் மெதுவாக ஓரம் ஒதுங்கினார்.