மாஸ்டர் படகில் இருந்தார்

நகராட்சி நீச்சல் குளத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறவரை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வங்கி வரிசையில் நின்றால்கூட முன்னால் நிற்கிற யாராவது திரும்பி, "மாஸ்டர், என்னைத் தெரியுதா? தண்ணிக்குள்ள தலையை விடச் சொன்னா அழுவேனே, அது நான்தான்" என்பார்கள். அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இருக்காது. "உன்னை மறக்க முடியுமா" என்று தோளில் தட்டுவார். தண்ணீர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். ஒரு நாளைக்கு எண்பது கை பார்ப்பாள். நரம்பே தெரியாத குண்டுக் கைகளிலும் முதல் குத்திலேயே எடுத்துவிடுவாள் என்று பெயர். நீச்சல் தெரியாது. குளத்துப் பக்கம் அவள் வருவதென்றால் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போன நாளாக இருக்கும்.

அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் இரண்டு பேரையும் ஒரு வாரம் தீவுக்கு அனுப்பி வைத்தாள். கடற்கரை விடுதி, காலைச் சாப்பாடு, அதோடு இரண்டு பேருக்கும் ஸ்கூபா டைவிங். "அப்பாவுக்காகத்தான்மா போட்டேன். நீ சும்மா துணைக்குப் போ. பயமா இருந்தா படகுலயே உக்காந்துக்கோ" என்று மகள் போனில் சொன்னாள். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க குளத்தில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டைவிங் நிலையம் என்பது கரையோரம் ஒரு தகரக் கொட்டகை. சுவரோரமாகக் காற்றுச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. கம்பியில் ரப்பர் உடைகள் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. பயிற்சியாளர் முப்பத்தைந்து வயது மொட்டைத் தலைக்காரர். ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார். உடம்பைப் பற்றி இரண்டு பக்கம் கேள்விகள். மாஸ்டர் ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்துப் பதில் போட்டாள்.

"நான் நீச்சல் மாஸ்டர்" என்றார் இவர், படிவத்தைக் கொடுத்துக்கொண்டே.

"அப்படியா சார்? அப்ப நீங்கதான் கொஞ்சம் சிரமப்படுவீங்க" என்றார் மொட்டை, சிரித்தபடி. "நீச்சல்காரங்க மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சுப் பழகிட்டாங்க. இங்க மூச்சைப் பிடிக்கவே கூடாது. அதுதான் முதல் பாடம். ரெண்டாவது, காது அடைச்சா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதணும். அவ்வளவுதான் டைவிங்."

மாஸ்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

மார்பளவு தண்ணீரில் மண்டியிட வைத்துப் பழக்கினார்கள். வாயில் குழாயைக் கவ்வி, தலை தண்ணீருக்குள் போனதுமே மாஸ்டரின் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. ஆறு வயதில் பழகிய பழக்கம். மொட்டை அவர் மார்பில் விரலால் தட்டித் தட்டி, விடு விடு என்று சைகை காட்ட வேண்டியிருந்தது. விட்டால் மொத்தமாக விட்டார், இழுத்தால் மொத்தமாக இழுத்தார். கையும் சும்மா இருக்காமல் துழாவியது. பக்கத்தில் அவர் மனைவி மணலில் மண்டியிட்டு, மடியில் கை வைத்து, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மொட்டை கேட்டார்: "அம்மா, இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

"இல்லைங்க. நான் தினமும் எண்பது பேர்கிட்ட சொல்றதுதானே. மெதுவா மூச்சை இழுத்து விடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு. இன்னைக்கு எனக்கே சொல்லிக்கிட்டேன்."

மாஸ்டர் முகக் கண்ணாடியைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார்.

பிறகு படகில் கொஞ்ச தூரம் போய், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மொட்டை மனைவியுடனும், உதவிப் பயிற்சியாளர் மாஸ்டருடனும். இரண்டு ஆள் உயரம்கூடப் போயிருக்கமாட்டார்கள், மாஸ்டரின் இடது காதில் ஊசி இறக்கியதுபோல் வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினார். திறக்கவில்லை. கொஞ்சம் மேலே வந்து மறுபடி இறங்கினார். மறுபடி ஊசி. குளத்துத் தண்ணீர் போய்ப் போய் வருடத்துக்கு ஒரு தடவை சீழ் பிடித்த காது அது. மூன்றாவது தடவை வலியில் கண்ணில் நீர் வந்தபோது உதவியாளர் கட்டை விரலை மேல்நோக்கிக் காட்டினார். போதும், மேலே போகலாம்.

கீழே அவர் மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மொட்டை அவளிடம் ஏதோ சைகையில் கேட்க, அவள் கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்து வட்டம் காட்டினாள். எனக்கு ஒன்றுமில்லை, போகலாம் என்று. அவள் கருநீலத்துக்குள் இறங்கிப் போவதை மாஸ்டர் கயிற்றைப் பிடித்தபடி பார்த்தார்.

ஐந்து நிமிடத்தில் பதறிக்கொண்டு மேலே வந்துவிடுவாள் என்று படகில் உட்கார்ந்து நினைத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. படகோட்டி விளிம்பில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ இருக்கறது உங்க வீட்டம்மாவா சார்? குமிழியைப் பாருங்களேன், எவ்வளவு நிதானமா வருது. புதுசா வர்றவங்க சிலிண்டர் காத்தைக் குடிச்சே தீர்த்துடுவாங்க. இவங்க நல்லா வருவாங்க."

மாஸ்டர் குமிழிகளைப் பார்த்தார். கொத்தாக வந்தன. இடைவெளி. அடுத்த கொத்து. அந்த நிதானம் அவருக்குப் பிடிக்கவில்லை. மொட்டை மேல் அவருக்குக் கோபமில்லை. இன்னொரு ஆம்பளையோடு போனாளே என்கிற பொறாமையாக இருந்திருந்தால்கூட ஓரளவு மரியாதையாக இருந்திருக்கும், யாரிடமாவது சொல்லலாம். தண்ணீர் அவருடையது. அதற்குள் இவள் போய்விட்டாள், அவரை வெளியே நிறுத்திவிட்டு. இதை எவனிடம் போய்ச் சொல்வது?

முப்பத்தெட்டு நிமிடம் கழித்து அவள் மேலே வந்தாள். முகத்தைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய சிவப்புக் கோடு. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏங்க, அங்க ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

"காது வலி உயிர் போகுது. அப்புறம் சொல்லு" என்றார் மாஸ்டர்.

அவள் முதுகுச் சிலிண்டரைக் கழற்றத் திரும்பினாள்.

மாலை விடுதிச் சாப்பாட்டு அறையில் பக்கத்து மேசை தம்பதியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் கை நீளத்துக்கு ஒரு மீனுங்க. கண்ணாடிகிட்டயே வந்து நின்னு பாத்துச்சு."

"கை நீளமெல்லாம் இருக்காது" என்றார் மாஸ்டர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத்தான் தெரியும். மூணுல ஒரு பங்கு கூட்டிக் காட்டும்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்து வைத்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் மீனைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாளும் அவளை வரச் சொல்லியிருந்தார் மொட்டை. செங்குத்தாக இறங்கும் பாறை ஒன்று, அங்கே ஆமைகள் மேயும். காலையில் கொட்டகைக்கு வந்ததும் அவள் உடை மாற்றும் அறைக்குள் போனாள். மாஸ்டர் மொட்டையின் மேசைக்கு எதிரே நின்றார். மொட்டை படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு முன்னாடி மூச்சு இளைப்பு இருந்துச்சு. எங்க பொண்ணு பொறந்த சமயம்" என்றார் மாஸ்டர். தன் குரல் தனக்கே அக்கறையாகக் கேட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி. "எழுதியிருக்க மாட்டா."

மொட்டையின் கை நின்றது. "எப்ப சார்?"

"இருபத்தாறு, இருபத்தேழு வருஷம் இருக்கும். ஒரு ஆறு மாசம். அப்புறம் இல்ல."

"பரவால்ல. ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறம் டாக்டர் சீட்டு இல்லாம நான் கூட்டிட்டுப் போக முடியாது. சொன்னது நல்லதாப் போச்சு."

அவள் ரப்பர் உடையை இடுப்பு வரை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மொட்டை விஷயத்தைச் சொன்னார். யார் சொன்னது என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவள் மாஸ்டரை ஒருமுறை பார்த்தாள். "நான் மறந்தே போயிட்டேங்க, தப்புதான்" என்று மொட்டையிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் உடையைக் கழற்றி, குழாயடியில் அலசி, எடுத்த கம்பியிலேயே மாட்டினாள்.

விடுதிக்கு நடக்கும்போது கேட்டாள்: "பயந்துட்டீங்களா?"

"ஆமா" என்றார்.

"நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

"ஆமா."

"சரி விடுங்க."

அந்த 'சரி விடுங்க'தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். மத்தியானம் அறையில் அவள் காய்ந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலில் நின்று கடலைப் பார்ப்பதுபோல் நின்றார். தன்னைத்தானே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவர் கடைசியில் திரும்பாமலே சொன்னார்:

"பயந்து சொல்லல. பொறாமையா இருந்துச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பயமா இருந்திருந்தா நேத்தே சொல்லியிருப்பீங்க. நான் கீழ போனப்ப உங்களுக்கு என் இளைப்பு ஞாபகம் வரலையே. நான் நல்லாத் திரும்பி வந்ததுக்கு அப்புறம்தானே வந்துச்சு."

அவள் அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

"கல்யாணம் ஆன ரெண்டாவது வருஷம் எனக்கும் கத்துக்குடுங்கன்னு கேட்டேன். உனக்கு அந்த உடம்பு வாகு இல்லன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. "உன்னை மறக்க முடியுமா" என்று தோளில் தட்டுகிற இடமும் இது இல்லை.

"பாப்பாவை மூணு வயசுல குளத்துக்குத் தூக்கிட்டுப் போனீங்க. ரெண்டு பேரும் தலையெல்லாம் ஈரமா, சிரிச்சுக்கிட்டே வருவீங்க. எனக்குப் புரியாத ஏதோ ஒண்ணைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. ரெண்டு தலையையும் நான்தான் துவட்டி விடுவேன். அப்பல்லாம் எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்? உங்களுக்கு ஒரு நாளுதான். நான் எத்தனை வருஷம் பாத்திருக்கேன்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்களாவது சொன்னீங்க. பெரிய விஷயம்தான்" என்றாள். அவள் குரலில் கேலி இருந்ததா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே செருப்பை மாட்டினார். "கிளம்பு. டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாம்."

தீவின் சிறிய மருத்துவமனையில் டாக்டர் அம்மா அவள் முதுகில் கருவியை வைத்துக் கேட்டார். ஒரு குழாயைக் கொடுத்து மூன்று தடவை பலமாக ஊதச் சொன்னார். ஊதிய அளவைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இருபது வயசுப் பொண்ணு மாதிரி ஊதறீங்க. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"இவருக்கு ஒரு சந்தேகம்."

டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மாஸ்டரைப் பார்த்தார். "இப்படி அக்கறையா இருக்கற வீட்டுக்காரங்க கம்மி."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். மனைவி கைப்பையில் சீட்டை மடித்து வைப்பதில் கவனமாக இருந்தாள். வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் மறுபடி இறங்கினாள். மாஸ்டர் படகில் இருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆமை வரக்கூடாது என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டு, மறுபடி அதையே நினைத்தார்.

அவள் வந்து ஏறி, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, தலைமுடியைப் பிழிந்தாள். தானாக ஒன்றும் சொல்லவில்லை.

"ஆமை வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தார். கரை வந்துவிட்டது. விடுதியில் பெட்டி கட்டும்போது ஒரு தடவை கேட்டார், விமானத்துக்குக் காத்திருக்கும்போது இன்னொரு தடவை கேட்டார். அப்போதுதான் சொன்னாள்.

"அது என்னைக் கண்டுக்கவே இல்லைங்க. பாறையில முளைச்சிருந்ததைப் பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. நானும் சும்மா பக்கத்துல மிதந்துக்கிட்டு இருந்தேன். யாருக்கும் ஒண்ணும் எடுத்துக் குடுக்கல. யாரும் என்னைக் கூப்பிடல. ரொம்ப நல்லா இருந்துச்சு."

எவ்வளவு பெரிசாக இருந்தது என்று கேட்க மாஸ்டருக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "நான் நீச்சல் கத்துக்கப் போறேன்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருடக் கடனை ஒரே மாதத்தில் தீர்த்துவிடலாம் என்று பட்டது. "திங்கக்கிழமையே என் கூட வந்துடு. காலையில முதல் வகுப்புல கூட்டம் இருக்காது. உன்னைத் தனியாவே..."

"உங்ககிட்ட இல்லைங்க. சாயங்காலம் பெரியவங்களுக்குன்னு ஒரு வகுப்பு இருக்காமே. சின்ன வயசுப் பொண்ணு ஒண்ணு எடுக்குதுல்ல, அதுகிட்ட பேசிட்டேன்."

மாஸ்டர் பொத்தானைப் போடாமல் நின்றார். "அதுக்கு நாலு வருஷம்தான் சர்வீஸ்."

"இருக்கட்டும். எனக்கு அது போதும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இருந்த ஒரு காரணத்தையும் தீவிலேயே செலவழித்துவிட்டிருந்தார்.

சாயங்கால வகுப்பு குளத்தின் அந்தக் கோடியில் நடக்கும். அதே நேரம் இந்தக் கோடியில் மாஸ்டருக்குப் பிள்ளைகள் வகுப்பு. முதல் நாள் அவள் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து இறங்கினாள். அந்தப் பெண் அவளை முதலில் மல்லாந்து மிதக்க வைத்தாள். மாஸ்டராக இருந்தால் முதலில் குப்புறத்தான் விடுவார். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான். மனைவியின் முழங்கால் மடங்கியது, இடுப்பு தாழ்ந்தது, கழுத்து விறைத்தது. மூன்று தப்பு. மாஸ்டர் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் முதுகைத் தாங்கியிருந்த கையை மெல்ல எடுத்தாள். அவர் மனைவி ஏழெட்டு விநாடி தானாக மிதந்தாள். பிறகு கால் ஊன்றி எழுந்து, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் அது அவர் பக்கம் வந்ததில்லை. அவர் திரும்பிக்கொண்டு அடுத்த வரிசைப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கச் சொன்னார், தேவைக்கு மேல் சத்தமாக.

வகுப்பு முடிந்து அவள் சொட்டச் சொட்ட அவரிடம் வந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி?"

மூன்று தப்பும் வரிசையாக வாய்க்கு வந்து நின்றன. அவர் அவற்றை விழுங்கினார்.

"நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்றீங்க" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே, துண்டு எடுக்கப் போனாள்.