மூன்று பெட்டி, இருநூறு மீட்டர்

கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் சாலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. நரெல் வண்டியை நிறுத்தினாள். அவள் லாரிக்குப் பின்னால் ரயில்போலக் கோத்த மூன்று பெட்டிகள், மொத்தம் ஐம்பத்து மூன்று மீட்டர், உள்ளே நூற்றைம்பது மாடு. திருப்ப இடமில்லை. இரு பக்கமும் கறுப்புச் சேறு; சக்கரம் இறங்கினால் அவ்வளவுதான். பெட்டிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக இழுக்க நேரமுமில்லை. இருநூறு மீட்டர் பின்னால் ஒரு மேடு இருந்தது. அங்கே போய்விட்டால் பிழைத்துவிடலாம்.

ஒரு பெட்டியை எந்தக் கத்துக்குட்டியும் பின்னால் எடுப்பான். இரண்டை எடுத்தவன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். மூன்றை எவனும் எடுக்கத் துணிவதில்லை.

மேட்டில் காலி வண்டியோடு ஒதுங்கியிருந்த டார்சி, வாக்கிடாக்கியும் கையுமாக ஓடிவந்து கடைசிப் பெட்டிக்குப் பின்னால் நின்றான்.

"மாட்டைத் தொறந்து விட்டுட்டு நடந்து வந்துடு நரெல். மூணெல்லாம் ஆவுற கதையா?"

"அவ்வளவு ஒசரத்துலேருந்து குதிச்சா மாட்டுக்குக் கால் ஒடியும்டா. வாயை மூடிட்டுக் கடைசிச் சக்கரத்தைப் பாரு."

ரிவர்ஸ் போட்டாள். பத்து மீட்டர், ஐம்பது, நூறு! நெஞ்சு துள்ளியது. சத்தமாகச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன் நடுப்பெட்டி கோணிக்கொண்டது.

"நில்லு! கடைசிச் சக்கரம் விளிம்புல நிக்குது!"

இனி ஓரடி பின்னால் வந்தாலும் கவிழும். கோணலை நேராக்க வண்டியை முன்னால் இழுத்தாக வேண்டும். அதற்குள் தண்ணீர் முன்சக்கரம்வரை வந்திருந்தது.

"முன்னால போறேன்."

"பைத்தியமா? தண்ணிக்குள்ளயா?"

"தண்ணிக்குள்ளதான்."

அழுத்தி மிதித்தாள். வெள்ளம் பம்பரில் அறைந்தது; பக்கக் கண்ணாடி இரண்டிலும் சேறு அப்பியது. பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

"நேராச்சா டார்சி?"

இஞ்சின் இருமியது.

"டேய், நேராச்சா?"

"நேராச்சு! வா, வா!"

அந்தக் குரலை நம்பிப் பின்னால் வந்தாள். ஸ்டீயரிங்கை விரலளவுகூடத் திருப்பாமல் வந்தாள். கடைசிப் பெட்டி மேடேறியது, நடுப்பெட்டி ஏறியது, முதல் பெட்டியும் லாரியும் ஏறின.

இறங்கி டார்சியிடம் ஓடினாள். "நேராச்சுன்னு சொன்ன பாரு, அப்பதான்டா எனக்கு உசிரே வந்துச்சு!"

டார்சி தலையைச் சொறிந்தான். "அப்ப நான் கண்ணை இறுக்கி மூடிட்டுல்ல இருந்தேன்."

நரெல் அவன் தொப்பியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு மழையில் குதித்தாள்.