பதினோராம் பக்கத்துப் பறவை

“பறவை பக்கத்துக்கு வெளியே பார்த்துக்கிட்டு இருந்துச்சு அண்ணி. அதான் திருப்பி வச்சேன்.”

“பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா தம்பி?”

“இல்லை அண்ணி” என்றார் தொலைபேசியில். என் கணவரின் தம்பி பதிப்பகத்தில் பக்கங்களை வடிவமைப்பவர். எழுத்து அவருக்கு வெறும் சாம்பல் நிறக் கட்டம். ஓர் உருவம் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தால் வாசிப்பவரின் கண்ணும் அதன் பின்னாலேயே வெளியே போய்விடும், அதனால் எல்லாம் உள்பக்கமே பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் விதி. நான் பறவையைத் தனியாக வரைந்து கொடுத்திருந்ததால் அதை மட்டும் திருப்பிவிட்டார்.

இடைக்கால ஐரோப்பாவில் மனிதர்கள் உண்டென்று நம்பிய விலங்குகளைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யும் படப் புத்தகம் அது. பக்கத்துக்கு ஒன்று. மரத்தில் காய்க்கும் வாத்து, சாணத்தைப் பீய்ச்சியே வேட்டைக்காரர்களை விரட்டும் காளை. “எங்க மேனேஜரை யாரு வரையச் சொன்னது?” என்று அந்தக் காளையைப் பார்த்துக் கொழுந்தன் கேட்டதில் என் எட்டு வயது மகள் இரண்டு நாள் சிரித்தாள்.

பதினோராவது, காலட்ரியஸ் என்ற வெள்ளைப் பறவை. நோயாளியின் கட்டிலில் வந்து உட்காரும். அவர் முகத்தைப் பார்த்தால் நோயைத் தனக்குள் இழுத்துக்கொண்டு சூரியனை நோக்கிப் பறந்துவிடும்; அவர் பிழைப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிழைக்கமாட்டார்.

கடைசி வரியை எடுத்துவிடலாமா, பிள்ளைகள் தாங்குவார்களா என்று பதிப்பாசிரியர் கேட்டார். தாங்குவார்கள் என்று அடித்துச் சொன்னேன். அப்போது என் கணவர் நன்றாக இருந்தார். அந்தப் படத்தில் வரும் நோயாளி ராஜாவுக்கு மாதிரியாகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்ததே அவர்தான். கொஞ்சம் முனகுங்கள் என்றால் குறட்டை விட்டார்.

இப்போது ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிள்ளைகளை உள்ளே விடுகிறார்கள். மகளை நான்தான் அழைத்துப் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றேன். அந்தக் குழாய்களுக்கு நடுவில் அவரை அவள் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

சரிபார்க்க வேண்டிய தாள்கள் இன்று மதியம் வந்தன. கட்டைப் பிரித்தது அவள். நான் கை துடைத்துக்கொண்டு வந்தபோது பதினோராம் பக்கத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பறவை ராஜாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

தொலைபேசியில் கொழுந்தனுக்கு அந்த வரிகளைப் படித்துக் காட்டினேன்.

“அது அண்ணன் மூஞ்சின்னுகூட நான் கவனிக்கலை அண்ணி.”

உடனே மாற்றி அனுப்புவதாகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. கணினித் திரையை மகள் பக்கம் சாய்த்து, சித்தப்பா தெரியாமல் செய்த பிழை, இப்போது சரியாகிவிட்டது என்று காட்டினேன். பறவை ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சித்தப்பா திருப்பினா திரும்புது. அது படம்தானேம்மா.”

ஆமாம் என்றேன்.

“நாளைக்கு நீ போறப்ப என்னையும் அப்பாகிட்ட கூட்டிட்டுப் போம்மா.”