பன்னிரண்டு எண்ணுவதற்குள்

ஸுஹைராவுக்குக் கரண்ட் என்றால் பயம். முந்தல் என்ற ஊரின் இறால் பண்ணையில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் இது தெரியும். இறால் தீன் வைக்கும் கொட்டிலுக்குள் விளக்குப் போடவேண்டுமென்றால்கூட வெளியே வந்து யாரையாவது கூப்பிடுவாள். எந்தக் காலத்திலோ ஓர் இஸ்திரிப்பெட்டி அவளைச் சுவரோடு தூக்கி எறிந்ததாம். அதிலிருந்து சுவிட்சைக் கண்டாலே ஒதுங்கித்தான் நடப்பாள்.

"பத்து வயசுல, ஊர விட்டு வெரட்டினப்போ, மன்னாருல இருந்து உடுத்த துணியோட வந்தவங்க நீங்க. அதுக்கெல்லாம் பயப்படாம, போயும் போயும் ஒரு சுவிட்சுக்கு நடுங்குறீங்களே ராத்தா" என்று நௌஃபர் கேலி பண்ணுவான். அவன் பண்ணையின் மெக்கானிக். அவள் சிரித்துவிட்டு, "சரி சரி, லைட்டப் போட்டுட்டுப் போ" என்பாள்.

போன மாதம் முதலாளி ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார். கரண்ட் நின்றால் யாரும் தொடாமலே தானாக ஓடத் தொடங்கும். குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் நின்றால் இறாலுக்கு மூச்சு முட்டிவிடுமல்லவா, அதற்காகத்தான். "ஏதும் பிழையாப் போனா இந்தச் சிவப்புப் பொத்தான அமத்துங்க, மெசின் நிண்டுடும்" என்று நௌஃபர் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தபோது, ஸுஹைரா வாசலுக்கு வெளியே நின்றுதான் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது ஜின் பிடித்த சாமான். உறுமும் முன்பே காதைப் பொத்திக்கொள்வதற்காக எண்ணிப் பழகியிருந்தாள். கரண்ட் போய்ச் சரியாகப் பன்னிரண்டு எண்ணியதும் கிளம்பும்.

அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முஸ்லிம் ஆண்கள் போனால் யாகப்புவும் அவருடைய மருமகன் றொகானும் எல்லாக் குளங்களையும் பார்ப்பார்கள். ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு இவர்கள் போனால் நௌஃபர் ஆட்கள் பார்ப்பார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை, ஒரு நாளும் பிசகியதுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றாம் குளத்துச் சக்கரத்தில் பாசி சுற்றிக்கொண்டது. யாகப்பு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். சக்கரத்தை நிறுத்திவிட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அது நௌஃபர் ஆட்கள் நம்பி விட்டுப்போன குளம். அவர்கள் வரும்போது தன் கையால் நிறுத்திய சக்கரம் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். எவ்வளவு நல்ல மனிதர், எவ்வளவு பெரிய மடத்தனம்!

தீன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஸுஹைரா நிமிர்ந்து பார்த்தாள். யாகப்புவின் கை சக்கரத்தின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றது. கழுத்து பின்னால் வளைந்து போயிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"மாமா!" என்று றொகான் வரம்பில் ஓடி வந்தான். களப்பில் மூழ்கிய ஒருவனை நீந்திக் காப்பாற்றிய பிள்ளை, ஊரே வீரன் என்று சொல்லும். இப்போதும் பாயத்தான் போனான்.

ஸுஹைரா கையிலிருந்த தட்டாலேயே அவன் நெஞ்சில் ஓங்கி அடித்தாள். "இறங்காத! தண்ணி முழுக்கக் கரண்டுடா! நான் மெயின நிப்பாட்டுறன். சக்கரம் நிண்டாப்பொறகு இறங்கு!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. வேறு யார் இருக்கிறார்கள்? ஓடினாள். மோட்டர் அறையில் பெரிய சுவிட்ச் கறுப்பாக இருந்தது. கையெல்லாம் ஈரம். "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக் கீழே இழுத்தாள்.

சக்கரங்கள் அடங்கின. வெளியே றொகான் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று மூச்சுவிடப் போனவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜெனரேட்டர்! இப்போது தண்ணீருக்குள் இரண்டு பேர்.

ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஜெனரேட்டர் கொட்டில் இருபது எட்டுக்கு அப்பால் இருந்தது. நாலு, அஞ்சு. செருப்பு கழன்று போயிற்று. ஆறு, ஏழு. கதவின் கொண்டி இறுகிக் கிடந்தது. எட்டு. தோளால் மோதினாள். ஒம்பது, பத்து. உள்ளே ஒரு சின்ன விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இயந்திரம் ஒருமுறை கனைத்தது.

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அமர்த்தினாள். கனைப்பு அடங்கியது.

அதன் பிறகு அவள் அசையவில்லை. கையை எடுத்தால் கிளம்பிவிடும், கிளம்பினால் இரண்டு உயிர். குளம் அங்கிருந்து தெரியாது. றொகான் மூச்சிரைக்க "மாமா, மாமா" என்று கத்துவது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. செத்துப்போயிட்டாரோ? தோள் வலித்தது. தெரிந்த ஸலவாத்தையெல்லாம் ஓதினாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே அமர்த்திப் பிடித்திருந்தாள்.

எவ்வளவு நேரமோ, ஜும்ஆ முடிந்து வந்த நௌஃபர் தொழுகைத் தொப்பியோடு ஓடி வந்தான். "ராத்தா, கைய எடுங்க!"

"மாட்டன். யாகப்பண்ணன் கரைக்கு வந்தாரா?"

"வந்துட்டாரு. றொகான் நெஞ்ச அமத்தி அமத்தி மூச்சு வந்துட்டுது. வேன்ல ஏத்தியாச்சு."

"அல்லாஹ் மேல ஆணையா?"

"ஆணையா ராத்தா. கரண்ட் ஒழுகின அந்தச் சக்கரத்துக் கம்பியயும் கழட்டியாச்சு. எடுங்க. அந்தப் பொத்தான் ஒருக்கா அமத்தினாப் போதும், தானா நிக்கும். பிடிச்சிட்டு இரிக்கத் தேவையில்ல."

ஸுஹைரா விரல் விரலாகக் கையை எடுத்தாள். பொத்தான் உள்ளேயே நின்றது. "இத எனக்கு யாரு சொன்ன?" என்றாள்.

நௌஃபருக்குச் சிரிக்கத்தான் வந்தது. ஆனால் பொத்தானிலிருந்து தண்ணீர் வடிந்து, அவளுடைய வெறுங்காலடியில் சொட்டியிருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "ஈரக் கையோடயா? கரண்ட் இழுக்கும் எண்டு நினைக்கல்லயா?"

"இழுக்கும் எண்டுதான் நினைச்சன்" என்றாள் அவள். "சாகப்போறன் எண்டு கலிமாச் சொல்லிட்டுத்தான் அமத்தினன்."

அவன் கழன்று கிடந்த செருப்பைத் தேடி எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தான். மற்றக் குளங்களில் இறால்கள் காற்றில்லாமல் மேலே வரத் தொடங்கியிருந்தன. இருவரும் மோட்டர் அறைக்கு விரைந்தார்கள். ஸுஹைரா வாசலோடு நின்றுகொண்டாள்.

"மெயின நீயே போடு" என்றாள். "எனக்குப் பயமா இரிக்கிது."